பீலித் தண்ணீரைப் பார்த்து மீடியா வாங்குங்கள்

நமுனுகுல மலைச்சரிவின் தேயிலைக்கு லொறியில் பொசுபேற்று ஏறுகிறது. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் தோண்டி, அரைத்து, மூட்டை கட்டி அனுப்பும் பாறைத்தூள் அது. அதே சரிவில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களோ தண்ணீரிலுள்ள பொசுபேற்றை வெளியே எடுப்பதற்காகப் பதுளையிலும் கொழும்பிலும் மீடியா பக்கற் தேடுகிறார்கள். ஒரே மலையில் போடுவதற்கும் காசு, எடுப்பதற்கும் காசு. எந்த மீடியாவை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த முரணுக்குள்ளேயே கிடக்கிறது.

எப்பாவலைப் படிவு 1971இல் கண்டறியப்பட்டது. அந்தத் தூள் சாதாரண நீரில் இலேசில் கரையாது. தேயிலை மண் அமில மண். பீ.எச். 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால்தான் செடி செழிக்கும். அந்த அமிலம் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொடுக்கிறது. ஆனால் கரைந்ததெல்லாம் வேருக்குப் போய்ச் சேர்வதில்லை. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில், ரோட்டுக்காக வெட்டிய மண்மேட்டின் செம்மஞ்சளைப் பார்த்திருப்பீர்கள். அது இரும்பு ஒட்சைட்டின் நிறம். நிறம் காட்டாத அலுமினிய ஒட்சைட்டும் கூடவே இருக்கிறது. பொசுபேற்று அருகில் வந்தால் இவை இரண்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். தோட்டங்கள் மறுபடி மறுபடி உரம் போட வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீன் கடையில் விற்கும் மீடியாவின் சூட்சுமமும் இதுதான். மண்ணில் உள்ளதைச் சுத்தமாக்கி மணிமணியாகத் தருகிறார்கள், அவ்வளவே. துருநிறக் குருணியாக இருந்தால் இரும்பு ஐதரொட்சைட்டு. வெள்ளை உருண்டைகளாக இருந்தால் அலுமினிய ஒட்சைட்டு. சொட்டுச் சொட்டாக விடச்சொல்லும் போத்தல் திரவமாக இருந்தால் பெரும்பாலும் லந்தனம் குளோரைட்டு. உறையில் எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அநேகமாக இந்த மூன்றில் ஒன்று. (அப்படியானால் ரோட்டோர மண்ணையே அள்ளிப் போடலாமே என்று யோசிப்பவர்களுக்கு: வேண்டாம். அந்த மண்ணில் களியும் தோட்டத்து மருந்தெச்சமும் இருக்கும். ஒரு கை போட்டால் தொட்டி வாரக்கணக்கில் தெளியாது.)

இரும்புக் குருணி மீனுக்காகப் பிறந்த பொருளல்ல. குடிநீரிலிருந்து ஆசனிக்கை அகற்ற 1990களில் ஜேர்மனியில், பேர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வுகளின் வழியே உருவானது. ஆசனிக்கும் பொசுபரசும் ஆவர்த்தன அட்டவணையில் ஒரே நிரலில் மேலும் கீழுமாக இருப்பவை. அதனால் ஆசனேற்றைப் பிடிக்கும் இரும்பு பொசுபேற்றையும் பிடிக்கிறது. வங்காளதேசத்துக் கிணறுகளின் ஆசனிக்கை அகற்ற இரும்பையே நம்பி வடிகட்டி செய்த அபுல் ஹுசாமுக்கு 2007இல் அமெரிக்காவில் பத்து இலட்சம் டொலர் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது. உயிர் காக்கும் வேலைக்காக வளர்ந்த நுட்பம் பிறகு கப்பி மீன் தொட்டிக்கும் வந்து சேர்ந்தது.

அலுமினியம், லந்தனம், இரும்பு என்ற இதே மூன்றும் மருத்துவத்திலும் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தில் பொசுபேற்று ஏறும். உணவிலுள்ள பொசுபேற்றைக் குடலிலேயே பிடித்து நிறுத்த ஒரு காலத்தில் அலுமினியம் ஐதரொட்சைட்டைக் கொடுத்தார்கள். டயாலிசிஸ் நோயாளிகளின் எலும்பையும் மூளையையும் அலுமினியம் தாக்குவது தெரியவந்ததும் அதைப் பெருமளவு கைவிட்டார்கள். 2004இல் அமெரிக்கா லந்தனம் காபனேற்று மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. 2013இல் இரும்பு அடிப்படையிலான மாத்திரையும் வந்தது. பதுளை மாவட்டத்தின் தாழ்நிலமான கிராந்துருகோட்டை, காரணம் தெரியாத சிறுநீரக நோயால் நெடுங்காலமாகப் பேசப்படும் ஊர். இந்த மாத்திரைகளின் பெயர்கள் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்குப் பழக்கமாக இருக்கலாம்.

மாத்திரையில் நடந்ததை அப்படியே தொட்டிக்குப் பொருத்த முடியாது. தொட்டியில் முடிவைச் சொல்வது தண்ணீர். நமுனுகுலப் பக்கத்தில் அந்தத் தண்ணீர் பீலிக்குப் பீலி வேறுபடுகிறது.

மலையின் பெரும்பகுதி கருங்கல் வகைப் பாறை. அதன் இடுக்கில் ஊறி வரும் நீர் பொதுவாக மென்மையானது, கல்சியமும் காபனேற்றும் மிகக் குறைவு. ஆனால் ஊவா மலைகளுக்குள் சலவைக்கல்லும் தொலமைற்றும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. கவ்வாத்துக் காலத்தில் தேயிலை மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் தொலமைற்றுத் தூள் இத்தகைய கல்லை அரைத்து எடுப்பதுதான். அந்தப் பட்டையைத் தொட்டுவரும் நீர் கடினமாக இருக்கும். ஒரு லயத்துப் பீலியில் சோப்பு நுரைத்துத் தள்ளும். அடுத்த டிவிசனில் எவ்வளவு தேய்த்தாலும் நுரை கட்டாது, கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்கு படியும். ஒரு சோப்புத் துண்டும் ஒரு பழைய கேத்தலும் கடைக்காரரை விடச் சரியாக இங்கே வழிகாட்டும்.

நுரைக்கிற பீலி என்றால் லந்தனப் போத்தலைத் தொடாதிருப்பதே நல்லது. கடின நீரிலும் கடல் நீரிலும் மிஞ்சிய லந்தனத்தைக் காபனேற்று பிடித்துப் படிய வைக்கும். மென்மையான நீரில் அந்தக் காவல் இல்லை. கரைந்தபடி நிற்கும் லந்தனம் மீனையும் நீரிலுள்ள சிற்றுயிர்களையும் பாதிக்கக்கூடியது. அவுஸ்திரேலியாவின் அரச ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. 1990களில் ஏரிகளுக்காக லந்தனத்தைக் களிமண்ணில் ஏற்றித் தந்தது இந்தத் தலைவலியைக் குறைக்கத்தான். போத்தல் திரவத்தில் களிமண் இல்லை.

அலுமினிய வெள்ளை உருண்டையின் கதை வேறு. பீ.எச். ஏழை ஒட்டி இருக்கும்வரை அது கரையாமல் இருக்கும். நீர் புளித்துக்கொண்டே போனால் அலுமினியம் கரையத் தொடங்கும், மீனின் செவுளில் படியும். தெற்கு நோர்வேயில் அமில மழை பெய்த காலத்தில் ஏராளமான ஏரிகளில் மீன் அற்றுப்போனதற்குப் புளிப்பும், அது மண்ணிலிருந்து கழுவிக் கொண்டுவந்த அலுமினியமும் சேர்ந்தே காரணம். வீட்டுத் தொட்டி அவ்வளவு தூரம் போவது அரிது. இருந்தாலும் மென்மையான பீலி நீர், அழகுக்குப் போட்ட மரக்கட்டை, மாதக்கணக்கில் மாற்றாத தண்ணீர் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் பீ.எச். ஆறுக்குக் கீழே சரிவது அதிசயமில்லை. புளிப்பைத் தாங்கும் சக்தி இல்லாத நீரில் அந்த ஆபத்தை ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்? இரும்புக் குருணியும் காரத்தன்மையைச் சற்றுக் குறைக்கும். ஆனாலும் நமுனுகுல, கனவரல்ல, மடுல்சீமைப் பக்கத்து மென்மையான நீருக்கு அதுவே கைக்கு அடங்கிய தெரிவு. பக்கற்றில் சொன்ன அளவில் பாதியிலிருந்து தொடங்குவது உத்தமம். கேத்தலில் பொருக்குப் படியும் வீட்டுக்காரருக்கு இவ்வளவு கவலை வேண்டாம். வெள்ளை உருண்டை மலிவாகக் கிடைத்தால் அதையே வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் வாங்கத்தான் வேண்டுமா?

பச்சைப் பாசி பிடித்த தொட்டியைப் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டினால் “பொசுபேற்று கூடிப்போச்சு” என்று உடனே பதில் வருகிறது. இந்தப் பதிலுக்கு ஒரு புகழ்பெற்ற மூதாதை உண்டு. கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் 226 என்ற இலக்கம் கொண்ட ஏரியை, டேவிட் ஷிண்ட்லரின் குழு 1973இல் குறுக்கே திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் காபனும் நைதரசனும் சேர்த்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பொசுபரசையும் சேர்த்தார்கள். பொசுபரசு போன பாதி பச்சைக் குழம்பானது, மற்றது தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் சலவைத்தூளில் பொசுபேற்றைக் குறைக்கச் சொன்னவர்களுக்குப் பெரிய ஆயுதமாயிற்று. நம் நாட்டிலும் 1999இல் கண்டி வாவி நச்சுப்பாசி பிடித்துப் பச்சையாகியது. நகரத்தின் கழிவுநீர் வந்து தேங்கும் நீர்நிலைக்கு அது நேர்வதில் வியப்பில்லை.

ஏரிக்குச் சரியாக வந்த கணக்கு தொட்டிக்கு அப்படியே வருவதில்லை. 1996இல் போல் சியர்ஸ், கெவின் கொன்லின் என்ற இரு ஆர்வலர்கள், செடி வளர்க்கும் தொட்டியில் பொசுபேற்றைப் பட்டினி போட்டால் பாசி அடங்கும் என்று எழுதினார்கள். பலர் பின்பற்றினார்கள். பிறகு அமெரிக்கரான டொம் பார், செடிகள் நன்றாக வளரும் தொட்டியில் வேண்டுமென்றே பொசுபேற்றை ஊற்றிக் காட்டினார். பாசி வரவில்லை, செடிதான் தழைத்தது. இன்றைக்குச் செடித் தொட்டிக்காரர்களில் பலர் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் பொசுபேற்று இருப்பதையே விரும்புகிறார்கள். பவளப்பாறைத் தொட்டிக்காரர் 0.03க்கு இறக்கப் பாடுபடுவது வேறு உலகம். அந்த உலகத்துக்காக எழுதிய பக்கற் குறிப்பைத்தான் நமுனுகுலக் கப்பி வளர்ப்பாளரும் எழுத்தெண்ணிப் படிக்கிறார்.

இன்னொரு குழப்பம் இலண்டனிலிருந்து வருகிறது. அங்குள்ள உறவினர் அனுப்பும் காணொளியில், குழாயைத் திறந்த உடனேயே பொசுபேற்று இருப்பதைக் காட்டி மீடியாவைச் சிபாரிசு செய்வார்கள். பிரித்தானியாவில் பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரையாமலிருக்க நீர் நிறுவனங்களே குடிநீரில் பொசுபேற்றைக் கலக்கின்றன. அவர்களுக்கு அது உண்மையான பிரச்சினை. தோட்டத்துப் பீலிக்கு யாரும் எதையும் கலப்பதில்லை. மேலே சொன்ன செம்மண்ணே பொசுபேற்றைத் தடுத்து வைப்பதால், ஊறி வரும் தெளிந்த நீரில் அது பொதுவாகச் சொற்பமாகவே இருக்கும். மழைக்குப் பிறகு சிவந்து ஓடும் நீர் அப்படியல்ல. கழுவிவந்த மண்ணின் ஒவ்வொரு துகளும் உரத்தைச் சுமந்து வருகிறது. மார்கழி அடைமழையில் பீலி கலங்கினால் அன்றைக்குத் தொட்டித் தண்ணீர் மாற்றாமல் இரண்டு நாள் பொறுப்பது எந்த மீடியாவுக்கும் குறைந்த வைத்தியமல்ல.

அப்படியானால் தொட்டிக்குள் பொசுபேற்று எங்கிருந்து வருகிறது? வளர்ப்பவரின் கையிலிருந்துதான். மீன் தீனியில் பொசுபரசு சுமார் ஒரு வீதம் இருக்கும். ஒரு கிராம் தீனி என்றால் 10 மில்லிகிராம் பொசுபரசு, பொசுபேற்றாகக் கணக்கிட்டால் 30 மில்லிகிராம். குருணித் தீனியில் ஒரு கிராம் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் ஏறத்தாழ 55 லீற்றர் நீர் நிற்கும். தீனியின் பொசுபரசில் ஒரு பங்கு மீனின் உடம்பில் சேரும், மீதி எச்சமாகவும் தின்னாத தீனியாகவும் நீரில் சேரும். உடம்பில் சேர்வதை ஒரு பக்கம் வைத்துவிட்டு முழுவதையும் கணக்கிட்டால், கிராம் ஒன்றுக்கு லீற்றருக்கு அரை மில்லிகிராம் ஏறும். வாரத்துக்கு ஒன்றரைக் கிராம் போடுகிற வீட்டில் முக்கால் மில்லிகிராம். வாரம் 30 வீதம் தண்ணீர் மாற்றினால் அது இரண்டரை மில்லிகிராம் வரை போய் நிலைக்கும். பாதித் தண்ணீர் மாற்றினால் ஒன்றரையோடு நிற்கும். தீனியைப் பாதியாக்கினால் இரண்டு கணக்கும் பாதியாகும். இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவே இல்லை, தீனிப் பொதி இரு மடங்கு நாள் வேறு வரும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில்தான் சிக்கல். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன் ஒரு பிடி, பின்னேரம் தங்கச்சி ஒரு பிடி, இருவரும் போட்டது தெரியாமல் இரவில் அப்பா ஒரு பிடி. கண்ணாடியில் மூக்கை வைத்து மேலேறி வரும் கப்பி ஒவ்வொரு முறையும் பட்டினி கிடந்த மாதிரியே வாயைத் திறக்கும். அதை நம்பக்கூடாது. இப்படிச் சேரும் தீனி கூழாங்கல்லுக்கு அடியில் சேறாகத் தங்குகிறது. மீடியா பிடிப்பது நீரில் கரைந்த பொசுபேற்றை மட்டும்தான், சேற்றிலிருப்பதை அது அறியாது. ஒரு முழம் ரப்பர் குழாயைச் சேற்றில் வைத்து வாளிக்குள் உறிஞ்சி விடுவது இந்த இடத்தில் மீடியாவை வெல்லும்.

இதற்கெல்லாம் மாற்றாகக் கடையில் ‘டேங்க் கிளீனர்’ என்ற கறுப்பு மீனைத் தள்ளிவிடுவார்கள். அது பாசியைத் தின்னும், தின்றதைத் தொட்டிக்குள்ளேயே கழிக்கும். பொசுபேற்று இடம் மாறுமே தவிர வெளியேறாது. ஒரு வருடத்தில் அது தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்துவிடும், பலர் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். பதுளு ஓயாவில் விட்டது துன்ஹிந்தையில் விழுந்து மகாவலிக்குப் போகும். இலங்கையின் நீர்த்தேக்கங்களில் இந்த மீன் பரவி மீனவரின் வலையைக் கெடுத்துக்கொண்டிருப்பது இப்படி ஆரம்பித்ததுதான். ஆகாயத்தாமரையும் அழகுக்காகக் கொண்டுவந்த செடியே. அதை ஒழிக்க 1909ஆம் ஆண்டே இலங்கையில் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. பொசுபேற்றைத் தின்னச் செடி வேண்டுமென்றால் மணி பிளாண்ட் கொடியின் வேரை மட்டும் தொட்டிக்குள் தொங்கவிட்டு இலையை வெளியே படரவிடலாம். அது ஓயாவுக்குத் தப்பிப் போகாது. வளர வளர வெட்டி எறியும் ஒவ்வொரு கிளையும் தொட்டியிலிருந்து வெளியேறும் பொசுபேற்று.

தீனியைக் குறைத்து, தண்ணீரை மாற்றி, வெயில் நேரே விழும் ஜன்னலிலிருந்து தொட்டியை நகர்த்தி, கொடியும் வைத்த பிறகும் பாசி விடவில்லை என்றால் அப்போது மீடியாவுக்குக் காசு செலவழிக்கலாம். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. இறக்குமதி பக்கற் ஒன்று அதை எளிதாகத் தாண்டிவிடும். அந்தக் காசை முதலில் சோதனைப் பெட்டிக்குப் போடுவதே புத்தி. ஒரு பெட்டியை நாலைந்து வீடு பகிர்ந்துகொள்ளலாம். இந்தப் பெட்டிகள் அநேகமாக மர்பி, ரைலி இருவரும் 1962இல் வெளியிட்ட முறையையோ அதன் உறவு முறையையோ பின்பற்றுபவை. பொசுபேற்று இருந்தால் குழாய் நீலமாகும், கூடினால் கருநீலம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சில கருவிகள் பொசுபேற்றைக் காட்டும், சில பொசுபரசைக் காட்டும். பொசுபரசு எண்ணை மூன்றால் பெருக்கினால்தான் பொசுபேற்று. இது தெரியாமல் ஒருவர் எண்ணை மற்றவர் எண்ணோடு ஒப்பிட்டு, ஒரே தண்ணீர் பற்றிச் சண்டை பிடிப்பதுண்டு.

பெட்டி வாங்க முடியாதவர்களுக்கு வேறு வழியும் இருக்கலாம். பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நீர்வள தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்பு நடத்துகிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, போத்தலில் தண்ணீர் கொண்டுவருவோருக்குக் கடினத்தன்மையையும் பொசுபேற்றையும் பார்த்துச் சொல்ல அதன் மாணவர்களால் முடியும். அவர்களுக்கு அது செய்முறைப் பயிற்சி. தோட்டப் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலை மிதிக்க ஒரு காரணமும் கிடைக்கும். கடைக்காரர்களும் ஒரு காரியம் செய்யலாம். பெரிய பொதியைப் பிரித்துப் பொலித்தீன் பையில் நிறுத்து விற்கும்போது, உள்ளே இருப்பது இரும்பா அலுமினியமா என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி எழுதி ஒட்டினால் போதும். உரமூட்டைக்கு அந்த ஒழுங்கு உண்டு, மீன் மருந்துக்கு ஏன் இருக்கக்கூடாது?

வாங்கியவர் இரும்புக் குருணியை அப்படியே கொட்டக்கூடாது. நைலோன் பையில் போட்டு, வாளியில் அலச வேண்டும். முதல் வாளி சாந்துப்பொட்டுக் கரைத்த மாதிரிச் சிவக்கும், இரண்டாவது மூன்றாவதில் வெளுக்கும். தெளிந்த பிறகே பையை வடிகட்டிக்குள் வைக்க வேண்டும், அதுவும் ஸ்பொஞ்சுக்குப் பிறகு. முன்னால் வைத்தால் சேறு மூடிவிடும். கசக்கக்கூடாது, குருணி மாவாகிவிடும். தீர்ந்துபோன குருணி நிறம் மாறிக் காட்டாது, ஆகவே மாதக் கணக்கைப் பார்த்துத் தூக்கிப் போடுவதும் தவறு, இன்னும் தாங்கும் என்று வருடம் முழுக்க வைத்திருப்பதும் தவறு. வடிகட்டிக்குள் போகும் நீரில் ஒரு குழாய், வெளியே வரும் நீரில் ஒரு குழாய் என ஒரே நேரத்தில் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டும் ஒரே நீலம் காட்டினால் மாற்றலாம். வெளியே வருவது இன்னும் வெளிறியிருந்தால் அடுத்த பக்கற்றை வாங்க அவசரமில்லை.